ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் இல்லை. 2,900 கிலோமீட்டருக்குக் கீழே இரும்பு இருப்பது மட்டும் எப்படித் தெரியும்?

பாலாற்றங்கரை, பள்ளிகொண்டா

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் தென்னந்தோப்பில் போர்வெல் போட்டோம். 20 அடி ராடு ஐம்பது இறங்கியது. 40 அடியில் மண் முடிந்து பாறை தொடங்கியது. அதன்பிறகு கடைசி வரை சாம்பல் நிறத் தூள்தான். 620 அடியில் ஒருமுறை ஈரம் தட்டியது, உடனே காய்ந்துவிட்டது. ஆயிரம் அடியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் அன்று இரவு ரிக் வண்டியை விட்டு நகரவில்லை. "இன்னும் போட்டுக்கொண்டே போனால் பாறை எப்போது முடியும் அப்பா?" என்றாள். பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்: மேலோடு, கவசம், கருவம். அவள் விடவில்லை. "ஆயிரம் அடிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று நீரோட்டம் பார்க்க வந்தவராலும் சொல்ல முடியவில்லை, கருவி வைத்துப் பார்த்தவராலும் சொல்ல முடியவில்லை. 2,900 கிலோமீட்டருக்குக் கீழே இருப்பது இரும்பு, அதுவும் உருகிய இரும்பு என்று எப்படிச் சொல்கிறார்கள்? செவ்வாய்க்கும் புதனுக்கும்கூட உள்ளே இப்படித்தான் என்று படம் போட்டிருக்கிறார்கள். அங்கே யார் போய்த் தோண்டினார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. பணம் போன வருத்தத்தைவிட இந்தக் கேள்விதான் இப்போது மனத்தில் நிற்கிறது. தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிப்பேன்.

ரிக் மேஸ்திரி, ஆம்பூர்

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பாப்பா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் தெரிவதெல்லாம் மேலே வரும் தூளின் நிறமும், ஹேமர் அடிக்கும் சத்தமும், ராடு இறங்கும் வேகமும்தான். கருங்கல்லா, வெள்ளைக்கல்லா, வெடிப்பு இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்வோம். அடுத்த ராடில் என்ன வரும் என்று உறுதியாகச் சொல்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் எனக்கும் இதற்குப் பதில் வேண்டும்.

ஊசல், காட்பாடி

முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான். உங்கள் மகளைப் போல ஒரு கேள்வி வகுப்பில் எழுந்தால் அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிடுவேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். உங்கள் ஆயிரம் அடி 305 மீட்டர். பூமியை ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகச் செய்து வைத்தால் உங்கள் போர்வெல்லின் ஆழம் ஒரு தலைமுடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம். மனிதர் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது: 12,262 மீட்டர். 1989-இல் அந்த ஆழத்தை எட்டினார்கள். அடியில் 180 டிகிரி வெப்பம். அதற்கு மேல் துளைக்க முடியவில்லை. அதுவும் மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை. ஆகவே தோண்டி அறிந்தது என்று எதுவும் இல்லை. அது உண்மைதான்.

ஆனால் ஒரு பொருளைத் திறக்காமலே அதன் உள்ளே இருப்பதை அறிய நமக்கு முன்பே ஒரு வழி தெரியும்: எடை போட்டுப் பார்ப்பது. வாங்கிய நகை முழுத் தங்கமா, உள்ளே அரக்கு வைத்திருக்கிறதா என்று கையில் எடுத்ததுமே பாட்டிகள் சொல்லிவிடுவார்கள்.

பூமியையும் எடை போட்டார்கள். பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அதோடு பூமியின் ஆரமும் ஈர்ப்பு மாறிலியும் தெரிந்தால் பூமியின் நிறை வந்துவிடும். அந்தக் கடைசி எண்ணுக்கான வழியை 1798-இல் கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் திறந்தார். பெரிய ஈயக் குண்டு சிறிய ஈயக் குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு மூடிய அறைக்குள் அளந்தார். அதிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு என்று வந்தது. இன்றைய மதிப்பு 5.51.

வேலூர்க் கோட்டைச் சுவரில் இருக்கும் கருங்கல்லின் அடர்த்தி ஏறக்குறைய 2.7. நாம் கண்ணால் பார்க்கும் பாறை எல்லாம் 2.7, 3 என்றே இருக்கும்போது மொத்தச் சராசரி 5.5 என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைவிட மிகக் கனமான ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

மறுகேள்வி, இராணிப்பேட்டை

ஆசிரியர் ஐயா, ஒரு மறுப்பு. மேலே இருக்கும் பாறையின் பாரம் கீழே இருக்கும் பாறையை நசுக்கும். ஆழம் போகப் போக அதே கருங்கல் நெருங்கி நெருங்கி அடர்த்தி கூடலாம். கனமான வேறு பொருள் தேவையில்லையே? 5.5 என்ற ஒரு எண்ணை வைத்து இரும்பு என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

இதை வீம்புக்காகக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் பதில் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும்.

ஊசல், காட்பாடி

நல்ல மறுப்பு. நசுங்குவது உண்மை. பூமியின் மையத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 36 லட்சம் மடங்கு. அங்கே எந்தப் பொருளும் நசுங்கும்.

ஆனால் புதனைப் பாருங்கள். அதன் குறுக்களவு 4,880 கிலோமீட்டர். நிலாவைப் போல 1.4 மடங்குதான். அவ்வளவு சிறிய கோளில் நசுக்குவதற்குப் பாரம் ஏது? அப்படியும் அதன் அடர்த்தி 5.43. ஏறக்குறைய பூமிக்குச் சமம். நிலாவுக்கோ 3.34தான். நசுங்குவதுதான் காரணம் என்றால் புதனும் நிலாவும் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். பொருளே வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சாட்சி சுழற்சி. குயவர் சக்கரத்தின் விளிம்பில் பாரம் இருப்பதால்தான் ஒருமுறை சுற்றிவிட்டால் அது நெடுநேரம் ஓடுகிறது. அதே எடையை அச்சுக்கு அருகில் கொண்டுவந்தால் சுற்றுவதும் எளிது, நிறுத்துவதும் எளிது. இந்தக் குணத்தை ஒரு எண்ணாக எழுதலாம். நிலைமத் திருப்புத்திறன் காரணி என்று பெயர். உள்ளும் புறமும் ஒரே சீரான உருண்டைக்கு அந்த எண் 0.4. கனம் மையத்தில் குவியக் குவிய எண் குறையும். நிலாவுக்கு 0.393, செவ்வாய்க்கு 0.364, பூமிக்கு 0.331.

பூமிக்கு இதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று ஒன்று இருக்கும். தள்ளாடும் பம்பரம்போல பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அதற்காகச் செய்யும் திருத்தம் அது. அந்தத் தள்ளாட்டத்தின் வேகம் பூமிக்குள் கனம் எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பஞ்சாங்கம் கணிப்பவர் வானத்துக்காகப் பயன்படுத்தும் எண், நம் காலுக்குக் கீழே இருக்கும் கருவத்தையும் சொல்கிறது.

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

நான் நிலவியல் படிக்கும் மாணவி. ஐயா எடையையும் சுழற்சியையும் சொல்லிவிட்டார். ஆனால் அவை இரண்டும் உள்ளே கனம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எத்தனையாவது கிலோமீட்டரில் எது தொடங்குகிறது என்று சொல்வது நில அதிர்வு.

2021 நவம்பர் 29 அதிகாலையில் நம் பக்கம் நிலம் அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 3.6 அளவு, வேலூருக்குத் தென்மேற்கே 60 கிலோமீட்டர் போல. பாத்திரம் சத்தம் போட்டது என்று எங்கள் அம்மா எழுந்துவிட்டார். அப்படிப்பட்ட ஒவ்வொரு அதிர்விலிருந்தும் இரண்டு வகை அலைகள் உள்ளே போகின்றன. பி அலை அமுக்கி விடுவித்துக்கொண்டு போகும். பாறையிலும் செல்லும், நீர்மத்திலும் செல்லும். எஸ் அலை பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு போகும். நீர்மத்தைப் பக்கவாட்டில் உலுக்கினால் அது திரும்ப இழுக்காது என்பதால் அதற்குள் எஸ் அலை செல்லவே செல்லாது.

சிலி நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்தால் அந்த அலை வேலூருக்கு வர நேர் வழி பூமியின் கருவத்துக்குள்தான். பி அலை ஏறக்குறைய 20 நிமிடத்தில் வந்துவிடும். நேர் வழியில் எஸ் அலை வராது. எங்கே நிலநடுக்கம் வந்தாலும் அதற்கு உலகத்தின் மறுபக்கத்தில் இதே நிழல் விழுகிறது. அந்த நிழலின் விளிம்பை அளந்தால் நீர்மம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.

இதை முதலில் கண்டவர் நம் நாட்டில் வேலை பார்த்தவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓல்டாம், 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளிலிருந்து இந்த அலைகளைப் பிரித்து அடையாளம் காட்டினார். 1906-இல் பூமிக்கு ஒரு கருவம் இருக்கிறது என்று எழுதினார். பிறகு அதன் மேல்விளிம்பு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று குட்டன்பர்க் கணக்கிட்டார். அது நீர்மம் என்று 1926-இல் ஜெஃப்ரீஸ் காட்டினார். 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் அறிவியலாளர், பி அலை கருவத்தில் வளைந்து விலகுவதால் விழும் இன்னொரு நிழலுக்குள், வரக்கூடாத மெல்லிய பி அலைகள் வருவதைக் கண்டு, நீர்மத்துக்குள்ளும் ஒரு கெட்டியான உட்கருவம் இருக்கிறது என்று சொன்னார். அதன் ஆரம் 1,221 கிலோமீட்டர் என்று இன்று தெரியும்.

மறுகேள்வி அண்ணா கேட்ட நசுங்கலுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நசுங்கல் மட்டும் என்றால் அலையின் வேகம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். 2,890 கிலோமீட்டர் வரை அப்படித்தான் கூடுகிறது. அங்கே வினாடிக்கு 13.7 கிலோமீட்டராக இருந்த பி அலை சட்டென்று 8 கிலோமீட்டராக விழுகிறது. எஸ் அலை நின்றே போகிறது. அடர்த்தி 5.6-லிருந்து 9.9-க்குத் தாவுகிறது. ஒரே பொருள் நசுங்கி இப்படித் தாவாது. அங்கே ஒரு பொருள் முடிந்து வேறொரு பொருள் தொடங்குகிறது.

பாலாற்றங்கரை, பள்ளிகொண்டா

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தோம். மகள் எஸ் அலையைக் கயிற்றை உலுக்கிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஆனால் அவளுடைய முதல் கேள்வி அப்படியே இருக்கிறது என்கிறாள். சிலியிலிருந்து வரும் அலை 2,900 கிலோமீட்டரைக் காட்டுகிறது என்றால், 620 அடியில் இருக்கும் தண்ணீரை அது ஏன் காட்டவில்லை?

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

தங்கைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அண்ணா. இந்தக் கேள்வியை நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

அலைக்கு ஒரு நீளம் உண்டு. தன் நீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அலையால் உணர முடியாது; ஏரியில் எழும் பெரிய அலை ஒரு நாணல் தண்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவதுபோல. தொலைவிலிருந்து வரும் அலை வினாடிக்கு ஒருமுறை அதிர்கிறது, ஆழத்தில் வினாடிக்கு 13 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் அதன் நீளமே 13 கிலோமீட்டர். கருவம் 7,000 கிலோமீட்டர் குறுக்களவுள்ளது. அதற்கு இந்த அலை தாராளமாகப் போதும். உங்கள் தோப்பில் தண்ணீர் இருந்தால் அது கருங்கல்லில் விரல் அகல வெடிப்பில்தான் இருக்கும். நம் வட ஆற்காட்டுப் பாறை ஆற்று மணலைப்போல நீரைத் தாங்கி வைப்பதில்லை. வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் தூள். பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம்.

ஆகவே ஆழமாக இருப்பதால் ஒன்று தெரியாமல் போவதில்லை, சிறியதாக இருப்பதால்தான் தெரியாமல் போகிறது. கருவம் தொலைவில் இருந்தாலும் பிரம்மாண்டமானது. உங்கள் ஊற்று பக்கத்தில் இருந்தாலும் விரல் அகலம்.

ரிக் மேஸ்திரி, ஆம்பூர்

அம்மா, இத்தனை வருடத்தில் இதை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனம் நிறைந்துவிட்டது.

மறுகேள்வி, இராணிப்பேட்டை

நீர்மம் என்று ஒப்புக்கொள்கிறேன். கனமானது என்றும் ஒப்புக்கொள்கிறேன். இரும்பு என்று ஏன்? ஈயமாக இருக்கக் கூடாதா?

ஊசல், காட்பாடி

ஈயத்துக்கு எங்கே போவது? பூமியின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருவம். அவ்வளவு கனமான பொருள், அவ்வளவு பெருமளவில் இருக்க வேண்டும். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தாலும், விழுந்த விண்கற்களை உடைத்துப் பார்த்தாலும், கனமான உலோகங்களில் பெருமளவில் இருப்பது இரும்பு ஒன்றுதான். விண்கற்களிலேயே சில முழுக்க இரும்பும் நிக்கலுமாக விழுகின்றன. அவற்றை அறுத்து அமிலத்தில் நனைத்தால் பின்னல்போல ஒரு படிகக் கோலம் தெரியும். லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறினால் மட்டுமே அந்தக் கோலம் உருவாகும். அவற்றுள் பல, எப்போதோ உடைந்து சிதறிய சிறுகோள்களின் கருவங்கள். இன்னொரு உலகத்தின் நடுப்பகுதியைக் கையில் வைத்துப் பார்க்கிறோம்.

பூமியின் காந்தப்புலமும் இதையே சொல்கிறது. மின்சாரம் கடத்தும் நீர்மம் ஒன்று உள்ளே சுழன்று புரண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் முழுக்க இரும்பு அல்ல. அந்த அழுத்தத்தில் தூய இரும்பு எவ்வளவு கனம் இருக்கும் என்று 1952-இல் பர்ச் என்ற அறிவியலாளர் கணக்குப் பார்த்தார். வெளிக்கருவம் அதைவிடக் கொஞ்சம் லேசாக இருந்தது. கந்தகம், சிலிக்கன், ஆக்சிஜன், கரி, ஹைட்ரஜன் இவற்றில் சில கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பதில் இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. வைர நுனிகளுக்கு நடுவே இரும்புத் துணுக்கை வைத்து நசுக்கி, லேசரால் சுட்டு, அளந்துகொண்டிருக்கிறார்கள்.

மக்கன் பேடா, ஆற்காடு

இதை என் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் மக்கன் பேடாவை வைத்துச் சொன்னேன். பொரிந்த மேல்தோல் மேலோடு, கோவா கவசம், உள்ளே வைத்திருக்கும் முந்திரி, பாதாம் கருவம். சரியா ஐயா?

ஊசல், காட்பாடி

அடுக்குகளைக் காட்ட மிகவும் சரி அம்மா. ஒரு இடத்தில் மட்டும் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லுங்கள். பேடாவில் பருப்பை நாம் உள்ளே வைக்கிறோம். கோளில் யாரும் வைப்பதில்லை. தொடக்கத்தில் கற்களும் சிறுகோள்களும் மோதிச் சேர்ந்து, அந்த மோதலின் சூட்டிலும் கதிரியக்கச் சூட்டிலும் கோள் உருகியது. உலையில் இரும்பு கீழே தேங்கிக் கசடு மேலே மிதப்பதுபோல, இரும்பு மையத்துக்குப் போனது. பாறை மேலே நின்றது. நாம் கசடின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறோம்.

இன்னொன்று. படங்களில் கவசத்தைச் செக்கச்செவேலென்று வரைவதால் அது உருகிய குழம்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படியே சொல்கிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம். கவசம் கெட்டியான பாறை. எஸ் அலை அதற்குள் தங்குதடையின்றிப் போகிறது. கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது மெல்ல நகர்ந்து புரள்கிறது, அவ்வளவுதான். எரிமலைக் குழம்பு ஆங்காங்கே கொஞ்சமாக உருகி மேலே வருவது.

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

கவசம் நம் ஊருக்கே வந்த கதை ஒன்று இருக்கிறது. என் பெயரை அதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் செவ்வாத்தூரில் கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் போலத் தெரியும்; ஆனால் கடலடியில் படிந்தது அல்ல. கவசத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு மேலோட்டைத் துளைத்துக்கொண்டு வந்து உறைந்தது. ஏலகிரி மலையும் ஏறக்குறைய அதே காலத்து ஆழக் குழம்பு உறைந்த பாறைதான். 70, 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கிறது. சூடாக்கினால் பொரிபோல ஊதிப் பெருக்கும் கனிமம் அது. நாற்றங்கால் மண்ணில் கலக்கிறார்களே, அதுதான்.

தங்கவயல் பேரன், பேர்ணாம்பட்டு

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். நம் வட ஆற்காட்டிலிருந்து அங்கே போன குடும்பங்கள் எத்தனையோ. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அடியில் பாறையைத் தொட்டால் சுடும். 60 டிகிரிக்கு மேல். பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ஆபத்தும் இருந்தது. தாத்தா அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரல் தழுதழுக்கும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

ஊசல், காட்பாடி

தம்பி, உங்கள் தாத்தா நின்ற இடம் இந்தக் கதையில் முக்கியமானது. சூட்டில் ஒரு பங்கு, கோள் உருவானபோது ஏறிய பழைய சூடு இன்னும் ஆறாமல் வருவது. இன்னொரு பங்கு, பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம். இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி என்று எப்படித் தெரிந்தது என்றால், அந்தக் கதிரியக்கத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்கள் பூமி முழுவதையும் ஊடுருவி வெளியே வருகின்றன. ஜப்பானில் 2005-இல் அவற்றை முதன்முதலாகப் பிடித்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று, 1965-இல், கோலார் தங்கவயல் சுரங்கம். மேலே இருந்த பாறையே மற்றக் கதிர்களைத் தடுக்கும் கூரையாக அமைந்தது.

ரிக் மேஸ்திரி, ஆம்பூர்

செவ்வாயில் துளை போட்டுப் பார்த்ததாகச் செய்தியில் படித்தேன். அது என்ன ஆயிற்று?

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

2018 நவம்பர் 26 அன்று இன்சைட் என்ற கலம் செவ்வாயில் இறங்கியது. அதில் இரண்டு முக்கியமான கருவிகள். ஒன்று, தானே அடித்துக்கொண்டு இறங்கும் 40 சென்டிமீட்டர் நீள ஆணி. 5 மீட்டர் இறங்கி வெப்பத்தை அளக்க வேண்டும் என்பது திட்டம். அது தன் உடல் நீளத்துக்கு மேல் இறங்கவே இல்லை. ஆணியைச் சுற்றி மண் சரிந்து பிடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த மண்ணோ இறுகிக் கட்டியாகி, துளையை அகலமாக விட்டுவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஆணி பின்னால் எகிறியது. 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

ரிக் மேஸ்திரி, ஆம்பூர்

புரிகிறது அம்மா. அடிக்கிற பாரம் கீழே போக வேண்டுமானால் பின்னால் தாங்க ஏதாவது வேண்டும். எங்கள் வண்டியில் ராடின் எடையும் வண்டியும் தாங்குகின்றன. அந்த ஆணிக்கு மண்ணின் பிடிதான் வண்டி. அது இல்லையென்றால் எப்படி இறங்கும்? ஆட்கள் பக்கத்தில் இல்லாமல், கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து இரண்டு வருடம் முயன்றிருக்கிறார்களே, அவர்களுக்கு என் வணக்கம்.

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

இரண்டாவது கருவி அதிர்வுமானி. அது வெற்றி பெற்றது. 2022 டிசம்பரில் கலம் ஓயும் வரை 1,300-க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. மிகப் பெரியது 2022 மே 4 அன்று, 4.7 அளவு. கருவத்தின் மேல் பட்டுத் திரும்பிய எஸ் அலைகளை வைத்து, செவ்வாயின் கருவம் 1,830 கிலோமீட்டர் ஆரம், நீர்மம் என்று 2021-இல் அறிவித்தார்கள். 2023-இல் அதையே திருத்தி, 1,650 முதல் 1,675 கிலோமீட்டர்தான் என்றார்கள்.

மறுகேள்வி, இராணிப்பேட்டை

இதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் சுருங்கிவிட்டது! அப்படியென்றால் பூமியைப் பற்றிச் சொல்வதையும் நாளை மாற்றமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

ஏன் மாற்றினார்கள் என்று பாருங்கள் அண்ணா. 1,830 என்று வைத்தால் கருவத்தின் அடர்த்தி 6 அளவில் வந்தது. அவ்வளவு லேசாக வேண்டுமானால் இரும்போடு நம்பவே முடியாத அளவுக்குக் கந்தகமும் மற்றவையும் கலந்திருக்க வேண்டும். அந்த நெருடல் அவர்களுக்கே இருந்தது. பிறகு 2021 செப்டம்பர் 18 அன்று கோளின் வேறொரு பக்கத்தில் விண்கல் ஒன்று விழுந்தது. அந்த அதிர்வு கருவத்தின் விளிம்பை ஒட்டி ஊர்ந்து வந்தது. எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்தது. கணக்குப் பார்த்தால், இரும்புக் கருவத்துக்கு மேலே 150 கிலோமீட்டர் தடிமனில் உருகிய பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. முன்பு எஸ் அலை பட்டுத் திரும்பியது அந்த உருகிய பாறையின் மேல். இரும்பு என்று நினைத்தது அதைத்தான். அடுக்கைச் சேர்த்ததும் கருவத்தின் அடர்த்தி 6.5 ஆனது, நெருடலும் குறைந்தது. இரண்டு தனித்தனிக் குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்தன.

இதுவெல்லாம் ஒரே ஒரு அதிர்வுமானியை வைத்து. பூமியில் ஆயிரக்கணக்கான நிலையங்கள், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகள். கருவத்தின் விளிம்பு 2,890 கிலோமீட்டரில் இருப்பதில் சில கிலோமீட்டருக்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. செவ்வாயில் இன்னும் மாறும். 2025-இல் அதே பழைய பதிவுகளை மறுபடி அலசி, நடுவில் 600 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு கெட்டியான உட்கருவம் இருக்கிறது என்று ஒரு குழு அறிவித்திருக்கிறது.

செவ்வாயின் கருவம் முழுக்க உறைந்துபோனதால்தான் காந்தம் போயிற்று என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. கருவத்தில் பெரும்பகுதி இன்னும் நீர்மம்தான். புரண்டு சுழல்வதுதான் நின்றுவிட்டது. நீர்மம் இருந்தால் மட்டும் போதாது, கொதிக்கும் சோற்றுப் பானைபோல அது புரள வேண்டும்.

மறுகேள்வி, இராணிப்பேட்டை

ஒப்புக்கொள்கிறேன். திருத்தத்துக்குக் காரணம் வெளியிலிருந்து வந்த புதிய அலை, வசதிக்காகச் சொன்ன சமாதானம் அல்ல. இதுதான் நான் கேட்க விரும்பியது. புதனைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஊசல், காட்பாடி

புதனின் ஆரம் 2,440 கிலோமீட்டர். அதில் கருவமே ஏறத்தாழ 2,000. மாம்பழத்தில் கொட்டை இருப்பதுபோல அல்ல, பனங்கொட்டைக்கு மேல் நார் ஒட்டியதுபோல. அங்கே அதிர்வுமானி எதுவும் இறங்கவில்லை. 2007-இல் பூமியிலிருந்து ரேடார் அலை அனுப்பி, புதன் சுற்றும்போது எவ்வளவு அசைந்தாடுகிறது என்று அளந்தார்கள். வேகவைத்த முட்டை ஒரே கட்டாகச் சுற்றும். பச்சை முட்டையில் ஓடு ஒரு பக்கம், உள்ளே இருப்பது ஒரு பக்கம் என்று போகும். புதன் பச்சை முட்டைபோல அசைந்தது. உள்ளே நீர்மம்.

இவ்வளவு பெரிய கருவம் ஏன்? பெரிய மோதல் ஒன்று பாறையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். நானும் வகுப்பில் அப்படியே சொன்னேன். 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் கலம் அதன் மேற்பரப்பில் கந்தகம் மிகுதியாக இருப்பதைக் கண்டது. அவ்வளவு சூடான மோதல் நடந்திருந்தால் எளிதில் ஆவியாகும் பொருள்கள் எப்படித் தங்கின? தொடக்கத்திலேயே சூரியனுக்கு அருகில் இரும்பு மிகுந்த பொருள்கள்தான் சேர்ந்தன என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் விடை இன்னும் வரவில்லை.

வெள்ளி பூமியின் உடன்பிறப்புபோல இருந்தும் அதன் கருவத்தைப் பற்றி மிகக் குறைவாகவே தெரியும். அந்தச் சூட்டில் அதிர்வுமானி நெடுநேரம் தாங்காது.

நிலாவில் அப்பல்லோ வீரர்கள் வைத்த மானிகள் 1977 வரை வேலை செய்தன. அந்தப் பதிவுகளை 2011-இல் மறுபடி பார்த்துத்தான், 330 கிலோமீட்டர் ஆரத்தில் சிறிய கருவம் இருப்பதைப் பிரித்தெடுத்தார்கள். நம் சந்திரயான் 3 இறங்கிய இடத்தின் மண்ணும், நிலா ஒருகாலத்தில் உருகிக் கிடந்தது என்பதையே காட்டியது: லேசான அனார்த்தோசைட் என்ற பாறை மேலே மிதந்து ஓடாக உறைந்திருக்கிறது. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. சோதனைக்கு நிலா மண் தயாரிக்க இஸ்ரோ அதைத்தான் எடுத்துப் பொடித்தது.

பாலாற்றங்கரை, பள்ளிகொண்டா

ஐயா, ஒரு செய்தி சொல்ல வேண்டும். பாட்டன் காலத்தில் கிணறு வெட்டியபோது எடுத்துப் போட்ட கருங்கல் தோப்பில் கிடக்கிறது. மகள் அதில் ஒரு துண்டை உடைத்து, காய்கறிக்கடைக்காரரிடம் தொங்குதராசு வாங்கி வந்தாள். காற்றில் 1,340 கிராம். நூலில் கட்டி வாளித் தண்ணீரில் முழுக்கிப் பிடித்தால் 840 கிராம். குறைந்தது 500. 1,340-ஐ 500-ஆல் வகுத்து 2.68 என்று சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறாள்.

பிறகு இரவு சாப்பிடும்போது, "இது மேலோட்டின் கல் அப்பா. 5.5-க்கு இன்னும் பாதி வழிகூட வரவில்லை. கவசத்தின் கல் எங்கே கிடைக்கும்?" என்றாள். செவ்வாத்தூருக்குப் போனால் கிடைக்குமா?

செவ்வாத்தூர்க் கல், திருப்பத்தூர்

செவ்வாத்தூர்க் கல் கவசத்தில் உருகி வந்த குழம்பு. கவசத்தின் பாறையே அல்ல. அதன் அடர்த்தி 3-ஐ எட்டுவதே கடினம். தங்கைக்கு வேண்டியது டியூனைட். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்தது. கவசத்தின் மேற்பகுதியும் பெரும்பாலும் அந்தக் கனிமம்தான். சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலான கல் நீர்பட்டு மாறி, வெள்ளை நரம்போடி, லேசாகிவிட்டது. மாறாத துண்டாகப் பார்த்து எடுத்தால் 3.2, 3.3 காட்டும்.

அடுத்த மாதம் களப்பயணமாக எங்கள் வகுப்பு சேலம் போகிறது. அனுமதி கேட்டு கைக்கு அடங்கும் ஒரு துண்டு எடுத்து வருகிறேன். பஸ் பள்ளிகொண்டா வழியாகத்தான் திரும்பும். தராசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை, பள்ளிகொண்டா

சொல்லிவிட்டேன். கடைக்காரரிடம் ஒரு மாதத் தவணை வாங்கியாயிற்று. 2.68-க்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, எண் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறாள்.